நாடகக் கொட்டகை மூடிய பிறகு

நம் நிலையத்தில் ஆசிரியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நாலு பேருக்கும் இதை எழுதுகிறேன். ஓய்வு பெறும் என்னை வழியனுப்ப வைத்த தேநீர் விருந்தில் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன், இரண்டு வாக்கியம் சொன்னேன், உட்கார்ந்துவிட்டேன். நின்ற இடத்தில் நின்று பேச எனக்கு வராது. வகுப்பறையில் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே நடந்துகொண்டே பாடம் நடத்தியவள் நான். எழுதும்போதுகூட நாலு வரிக்கு ஒருமுறை எழுந்து அடுப்படி வரை போய்வருகிறேன்.

கரும்பலகையை எப்படிப் பிரிப்பது, கட்டுரையை எப்படித் திருத்துவது என்பதையெல்லாம் நூர் சயாமா உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். நம் ஆசிரியைகளில், சயாமாக்களில், இனி தலைமை அவர். நான் ஒரே ஒரு பாடத்தைப் பற்றி எழுதுகிறேன். பதினேழாம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த ஒரு நாடகக்காரரின் வாழ்க்கை அது. கவிதையும் எழுதியவர். பாடத்திட்டத்தில் அவருக்கு அரைப் பக்கம்தான். பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் நீங்கள் உடனே புத்தகத்தைத் திறந்து பிறந்த வருஷத்தையும் நாடகப் பட்டியலையும் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுவீர்கள். எனக்கு வேண்டியது அதுவல்ல.

இங்கே பர்மாவில் எண்பத்தெட்டில் மாணவர் போராட்டத்துக்குப் பயந்து ராணுவ அரசு பல்கலைக்கழகங்களை மூடியது. பிறகு திறந்தார்கள், மூடினார்கள். தொண்ணூற்றாறின் கடைசியில் மறுபடி மூடியபோது நான் ஆங்கிலத் துறையில் விரிவுரையாளர். மாணவர்கள் இல்லாத கட்டடத்துக்கு நாங்கள் மட்டும் போவோம். கையெழுத்துப் போடுவோம். காலி பெஞ்சுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். "அடுத்த மாசம் திறக்கும்" என்று யாராவது சொல்வார்கள். அடுத்த மாதமும் அதையே சொல்வார்கள். காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைக்காதீர்கள். காத்திருக்கும் மனுஷனுக்குக் கால் தரையில் பாவாது.

நகரத்தின் லான்மடா பகுதியில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. என் கணவர் துறைமுகத்தில் எழுத்தர். நான் என் மாணவர்களில் நாலு பேரை வீட்டுக்கு வரவழைத்து மூன்றாம் ஆண்டுப் பாடங்களை நடத்தத் தொடங்கினேன். ஐந்து பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக் கூடாது என்ற உத்தரவு இருந்தது. என்னையும் சேர்த்து ஐந்து. அவர்களும் ஒன்றாக வரமாட்டார்கள். நம் தெருக்களில் பால்கனியிலிருந்து மணி கட்டித் தொங்கவிடும் கயிறு இருக்கிறதல்லவா, அதை ஒருமுறை இழுத்தால் என் மாணவர் என்று அர்த்தம்.

நாலு பேரில் இரண்டு பேர் பக்கத்து லத்தா பகுதியிலிருந்து வரும் அண்ணன் தம்பி. வாய் திறக்காத பிள்ளைகள். மூன்றாவது நூர். உங்கள் நூர் சயாமாவேதான். அப்போது அவளுக்கு இருபது வயது. அவள் வாப்பா பக்கத்துத் தெருவில் குடைக்கடை வைத்திருந்தார். நாலாவது யே மின். தாகேதாவிலிருந்து வரும் பர்மியப் பையன். வகுப்பிலேயே நன்றாகப் படித்தவன். பல்கலைக்கழகம் மூடியதும் லைன் பஸ்ஸில் நடத்துனராகப் போய்விட்டான். லைங் தாயா தொழிற்சாலைகளுக்குப் போகும் பஸ். வேலை முடிந்து சட்டையில் டீசல் வாசத்தோடு வருவான். என்னைப் போலவே அவனுக்கும் உட்கார வராது. நாற்காலியின் நுனியில் இருந்துகொண்டு முழங்காலை ஆட்டிக்கொண்டே இருப்பான்.

"இந்த வீட்ல ஒரு நாற்காலியும் சூடாக மாட்டேங்குது" என்பார் என் கணவர்.

ஒரு மாலை, மழைக்காலத் தொடக்கம், நாடகக்காரரின் வாழ்க்கையை எடுத்தேன். லண்டனில் பிறந்தார். படித்தார். மத குருவாக இருந்தார். பிறகு மதப் பிரிவு மாறினார். ஓர் ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். அதெல்லாம் போதாமல் லண்டனுக்கு வந்து நாடகம் எழுதத் தொடங்கினார். வருஷத்துக்கு ஒன்று, இரண்டு என்று எழுதித் தள்ளினார். நகரமே பார்த்தது, அரண்மனையும் பார்த்தது. நடுவில் பிளேக் வந்து கொட்டகைகளை மூடினார்கள். அவர் கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போய் அங்கே நாடகம் எழுதினார். திரும்பி வந்தார். நகரத்தின் முதல் வரிசை நாடகக்காரர்களில் ஒருவராக அவர் இருந்த அந்த நேரத்தில், அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் சண்டை மூண்டது. நாடாளுமன்றம் எல்லா நாடகக் கொட்டகைகளையும் மூட உத்தரவு போட்டது.

அந்த இடத்தில் மின்சாரம் போயிற்று. லான்மடாவில் அது புதிதல்ல. மெழுகுவர்த்தி தேடி எழுந்தேன். இருட்டில் யே மின்னின் குரல் கேட்டது.

"சயாமா, எத்தனை வருஷம் மூடி வச்சிருந்தாங்க?"

"பதினெட்டு."

முழங்கால் ஆடும் சத்தம் நின்றுவிட்டது. நான் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது அவன் எழுந்து நின்றிருந்தான்.

"அப்ப எனக்கு நாப்பது வயசாயிடும்" என்றான். சிரித்த மாதிரிதான் சொன்னான். புத்தகப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

அடுத்த வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வகுப்புக்கும் வரவில்லை. நான் சொன்னது சரியான விடைதான். ஒரு சரியான விடையைச் சொல்லி மாணவனை இழக்க முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லும்போது எந்த இடத்தில் நிறுத்துகிறோமோ, அந்த இடத்தில்தான் கேட்பவரை இறக்கிவிடுகிறோம். மின்சாரம் போவதும் மணி அடிப்பதும் நம் கையில் இல்லை. ஆனால் அடுத்த வாக்கியத்தை இருட்டிலேயே சொல்லியிருக்கலாம்.

அவனுடைய நாற்காலி காலியாக இருந்த நாட்களில்தான் அடுத்தது நடந்தது. ஒருநாள் வகுப்பின் நடுவே மணி ஒரு முறைக்குப் பதிலாக விடாமல் அடித்தது. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே, யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று அரசுக்குச் சொல்லும் எங்கள் வார்டுத் தலைவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் படியில் செருப்புச் சத்தம் வந்துவிட்டது. கனத்த உடம்பு, ஆனால் வேகமாக ஏறுவார்.

"டோ மாலா, உங்க வீட்ல நடமாட்டம் அதிகமா இருக்கே" என்றார் பர்மியத்தில். என் பெயருக்கு முன்னால் மரியாதையாக 'டோ' போட்டார்; எங்களோடு அவர் பேசியதெல்லாம் பர்மியம்தான். "வேலை போயிடக் கூடாதேன்னு உங்களுக்காகத்தான் கேக்கறேன். என்ன படிக்கிறாங்க?"

"மூன்றாம் வருஷப் பாடம். ஆங்கில இலக்கியம்."

மேசையில் நான் பிரதி எடுத்து வைத்திருந்த தாள்கள் கிடந்தன. மேலே இருந்த தாளில் கொட்டகைகளை மூடியதும் உள்நாட்டுப் போரும் அரசரின் தலையை வெட்டியதும் வரிசையாக இருந்தன. அவர் அந்தத் தாளையே எடுத்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நான் கைநீட்டியதைக் கவனிக்காதவர்போல அதை நூரிடம் கொடுத்தார்.

"நீ சொல்லு, தங்கச்சி. இதுல என்ன எழுதியிருக்கு?"

நான் குறுக்கே பேசினால் சந்தேகம் வரும். பேசாமலிருந்தால் அந்தப் பெண்ணின் தலையில் எல்லாம் விடியும். ஜன்னல் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்து நின்றுவிட்டேன். அன்று நான் அசையாமல் நின்ற ஒரே நேரம் அதுதான்.

நூர் தாளை முகத்துக்கு அருகில் பிடித்துக்கொண்டாள். கண்கள் கீழே இறங்கி, கடைசிப் பத்தியில் நின்றதைப் பார்த்தேன்.

"இவர் ஒரு சயா, அங்கிள்" என்றாள். "இங்கிலீஷ்காரர். பள்ளிக்கூடம் நடத்தினார். பிள்ளைங்களுக்கு லத்தீன் இலக்கணம் சுலபமா வரணும்னு புத்தகம் எழுதினார். நல்லா சொல்லிக் குடுத்தார்னு எழுதியிருக்கு."

"இலக்கணமா?"

"ஆமா. நிறைய பேர் அவர்கிட்ட படிச்சாங்களாம்."

வார்டுத் தலைவர் தாளை வாங்கி மறுபடி மேலும் கீழும் பார்த்தார். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எல்லாம் அந்தத் தாளில் இருந்ததுதான். கொட்டகைகள் மூடிய பிறகு நாடகக்காரர் தன் பழைய தொழிலுக்கே திரும்பினார். வாத்தியாரானார், இலக்கண நூல்கள் எழுதினார். நூர் கடைசியிலிருந்து தொடங்கினாள், அவ்வளவுதான்.

"என் மகளுக்கும் இலக்கணம்தான் வரல" என்றார் அவர். காலி நாற்காலியைப் பார்த்தார். "அவளும் உங்க யுனிவர்சிட்டிதான். சும்மாதான் வீட்ல கிடக்கா. நாளையிலிருந்து வருவா."

அவர் போன பிறகு தண்ணீர் குடிக்கப் போன நூர் டம்ளரைக் கீழே போட்டாள். "சயாமா, நான் பொய் சொல்லலதானே?" என்று தமிழில் கேட்டாள். "இல்லம்மா" என்றேன். நெருக்கடியில் பொய்யைத் தேடி ஓடாதீர்கள். உண்மையிலேயே நிறைய இடம் இருக்கிறது. எந்தப் பக்கமாக உள்ளே நுழைவது என்று பார்க்கத் தெரிய வேண்டும். இதை நான் நூருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நூரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் வார்டுத் தலைவரின் மகள் மா சூ வந்தாள். யே மின்னின் நாற்காலியில் உட்கார்ந்தாள். இலக்கணம் அவளுக்கு நன்றாகவே வந்தது. அப்பாவுக்குத்தான் அது தெரியவில்லை. இப்போது எங்கள் கஷ்டம் வேறுவிதமானது. என்றைக்குத் தேர்வு வைப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. திடீரென்று திறப்பார்கள், ஒரு வருஷப் பாடத்தைச் சில வாரங்களில் முடித்துத் தேர்வு எழுதச் சொல்வார்கள். ஆகவே நாடகக்காரரின் பாடத்தை மா சூவுக்காக முதலிலிருந்து நடத்த வேண்டும். அவள் முன்னால்.

கொட்டகைகளை மூடிய இடம் வந்தது. அதை ஒரே மூச்சில் தாண்டிவிடலாம் என்று வேகமாக நடந்துகொண்டே சொன்னேன்.

"ஏன் மூடினாங்க, சயாமா?" என்றாள் மா சூ.

அண்ணன் தம்பி இருவரும் மேசையைப் பார்த்தார்கள். நூர் என்னைப் பார்த்தாள். வெகுளியான முகம் மா சூவுக்கு. அந்த வெகுளித்தனம் இவளுடையதா, வேறு யாராவது கொடுத்தனுப்பியதா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்கே பிடிக்கவில்லை.

"மூடியவங்க என்ன காரணம் சொன்னாங்களோ அதைச் சொல்றேன்" என்றேன். "நாட்டுக்கு இது துன்ப காலம், துன்ப காலத்துல வேடிக்கை பொருந்தாதுன்னு சொன்னாங்க."

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, "மூடினதும் துன்பம் தீர்ந்துதா?" என்றாள்.

"இல்ல."

அதையும் எழுதிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்கப் படியில் கேட்ட ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் நான் எழுந்து நின்றேன். என் கணவர் துறைமுகத்திலிருந்து சீக்கிரமே வந்து, எதுவும் கேட்காமல், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். வார்டுத் தலைவர் ஒருமுறை வந்தார். மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார். நன்றாகப் படிக்கிறாள் என்றேன். போய்விட்டார். மா சூ வீட்டில் சொன்னாளா, சொல்லவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உங்களுக்கும் இப்படித்தான் நடக்கும். துணிந்து ஒரு பதிலைச் சொல்வீர்கள். அது சரியா தப்பா என்று யாரும் வந்து சொல்லமாட்டார்கள்.

இதற்குப் பிறகு ஒரு மத்தியானம் நூர் தனியாக வந்தாள். தலைத்துணியின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"சயாமா, யே மின் போறான். தாய்லாந்து எல்லைக்கு. கூட்டிட்டுப் போக ஒரு ஆளு இருக்கானாம். இந்த வாரக் கடைசில."

"உனக்கு யாரு சொன்னா?"

"அவன்தான். கடைக்கு வந்தான். குடை வாங்கற மாதிரி." துணியின் நுனியை விட்டுவிட்டு, "நீங்க சொன்னா கேப்பான்" என்றாள்.

அவன் போனால் அவளுக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. எல்லைக்குப் போனவர்களைப் பற்றி அந்த நாட்களில் நாங்கள் கேள்விப்பட்டதெல்லாம் நல்லதாக இல்லை. வேலை என்று கூட்டிப்போய் மீன்பிடிப் படகில் ஏற்றிவிட்டதாகச் சொல்வார்கள். சிலரைப் பற்றி எந்தச் செய்தியும் வராது. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அவனுடைய பஸ் வரும் நிறுத்தத்தில் நின்றேன். இரண்டை விட்டு மூன்றாவதில்தான் அவன் வாசலில் தொங்கிக்கொண்டு வந்தான். மாலை முறைக்குப் போகும் தொழிற்சாலைப் பெண்களால் பஸ் நிரம்பியிருந்தது. தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய கன்னங்கள், கையில் சோற்று அடுக்கு. என்னைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது. ஆனால் கைநீட்டி ஏற்றிவிட்டான்.

"ஷே தோ, ஷே தோ! முன்னால நகருங்க!" என்று கூவிவிட்டு, "சயாமா, வேலை நேரம்" என்றான்.

"நீ வேலையைப் பாரு. நான் பாடத்தை முடிக்க வந்திருக்கேன். பாதியில எழுந்து போயிட்டே."

"மீதி எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷம்."

"அது மீதி இல்ல."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நான் ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவன் அடுத்த நிறுத்தத்தின் பெயரைக் கத்தினான். இரண்டு பேரை இறக்கி, ஐந்து பேரை ஏற்றினான். திரும்பி என்னிடம் குனிந்தான்.

"முதல் தடவை மூடினப்போ அவர் கடல் தாண்டிப் போனார்னு நீங்கதானே சொன்னீங்க? அயர்லாந்துக்கு. அவர் போனா சரி, நான் போனா தப்பா?"

வழியெல்லாம் நான் தயார் செய்துவந்த பேச்சு அந்த ஒரு கேள்வியில் விழுந்துவிட்டது. ஏனென்றால் அவன் சொன்னது சரி. பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியது.

"தப்புன்னு சொல்ல வரல" என்றேன் பாலத்தில். "அவர் அங்கே போய் எழுதினார். நீ போய் என்ன செய்வே?"

"மீன் வெட்டுவேன். எதுவோ செய்வேன். இங்கே நின்னுட்டிருக்கறதுக்கு அது மேல்."

"ரெண்டாவது தடவை மூடினப்போ அவர் எங்கேயும் போகல. தெரியுமா?"

"என்ன பண்ணினார்?"

கேட்டது அவனல்ல, நான் தோளைப் பிடித்திருந்த பெண். எங்கள் சொந்தக்காரர் யாரையோ பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்திருக்கிறாள். சுற்றியிருந்த நாலைந்து பேரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சொன்னேன். கொட்டகை போனது. நாடகம் எழுதக் கூடாது. அவர் ஆதரித்த பக்கம் போரில் தோற்றது. மறுபடி பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். எழுதி வைத்திருந்த நாடகங்களையும் கவிதைகளையும் அச்சுப் போட்டார். இலக்கண நூல் எழுதினார். நடுநடுவே யே மின் நிறுத்தங்களைக் கூவினான். கதை ஒவ்வொரு நிறுத்தத்திலும் அறுந்து, பஸ் கிளம்பியதும் தொடர்ந்தது.

"திரும்பத் திறந்தாங்களா?" என்றாள் ஜன்னலோரத்தில் ஒருத்தி.

"திறந்தாங்க. அவரோட பழைய நாடகங்களை மறுபடி போட்டாங்க. ஜனங்க பார்த்தாங்க."

"அப்ப அவர் சந்தோஷமா இருந்திருப்பார்."

யே மின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆம் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. அவன் தங்கிவிடவும் கூடும். எனக்குள் ஒருத்தி சொல், சொல் என்று தள்ளினாள். என் பணிக்காலத்திலேயே மிகக் கடினமாக இருந்த கணம் எது என்று கேட்டால், நாற்காலியோ மேசையோ இல்லாத அந்த பஸ்ஸைத்தான் சொல்வேன்.

"தெரியாது" என்றேன். "அவர் மறுபடி மேடைக்கு நாடகம் எழுதல. வயசாயிடுச்சு. வாத்தியாராவே இருந்தார். பிறகு லண்டன்ல பெரிய தீ வந்துச்சு. நாலு நாள் எரிஞ்சுது. அவரும் அவர் மனைவியும் வீட்டை விட்டு ஓடினாங்க. அந்த அதிர்ச்சியிலயும் அலைச்சல்லயும் கொஞ்ச நாள்ல ரெண்டு பேரும் செத்துப் போனாங்க. ஒரே நாள்ல."

"ஒரே நாள்லயா?" என்றாள் தோள்காரி.

"ஒரே நாள்ல."

ஒரு பெண் சோற்று அடுக்கை மடியோடு அணைத்துக்கொண்டாள். லைங் தாயாவில் நெருக்கி நெருக்கிக் கட்டிய மூங்கில் குடிசைகளில் இருப்பவர்கள் அவர்கள். தீ என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. யே மின் ஒரு நிறுத்தத்தைக் கூவ மறந்துவிட்டான். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துத் திட்டினார்.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். பஸ் திரும்பக் கிளம்பக் கொஞ்ச நேரம் இருந்தது. அவன் படியில் உட்கார்ந்தான். நான் வெளியே சேற்றில் நின்றேன்.

"போகாதேன்னு சொல்ல வந்தீங்க இல்ல?"

"ஆமா."

"திறக்கும்னு சொல்லுங்க. சொன்னீங்கன்னா இருக்கேன்."

"எனக்குத் தெரியாது, யே மின். தெரியாததைச் சொல்ல மாட்டேன். வகுப்பு இருக்கு. அது மட்டும் எனக்குத் தெரியும். வந்தா நடத்துவேன்."

"என் நாற்காலில இப்ப யாரு?"

"வார்டுத் தலைவர் மகள்."

அவன் சத்தமாகச் சிரித்தான். அத்தனை நாளில் நான் கேட்ட நல்ல சிரிப்பு அது. பிறகு எழுந்து என் காலடியில் சேறென்றும் பாராமல் குனிந்து கும்பிட்டான். சயாமாவிடம் விடைபெறும்போது செய்வது அது. அதைப் பார்த்ததும் அவன் போய்விடுவான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

போனான். நூரிடம் சொன்னபோது அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க திறக்கும்னு சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். பல நாள் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவன் போன மூன்று மாதத்தில் திறந்திருந்தால்? ஆனால் பல்கலைக்கழகங்கள் திறக்க இரண்டாயிரம் வரை ஆயிற்று. திறப்பார்கள் என்று நான் சொல்லி, அவனும் நம்பி, அத்தனை காலம் பஸ் படியில் தொங்கியிருந்தால் என் முகத்தில் எப்படி விழித்திருப்பான்? இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நானே வாதாடிக்கொண்டு நடந்த நடையில் எங்கள் வீட்டுத் தரைப்பலகை தேய்ந்ததுதான் மிச்சம்.

திறந்ததும் நூர் தேர்வு எழுதினாள். மா சூவும் எழுதினாள். அண்ணன் தம்பி அதற்குள் வியாபாரத்துக்குப் போயிருந்தார்கள். நாடகக்காரரைப் பற்றிக் கேள்வியே வரவில்லை. நூர் கடையையும் பார்த்துக்கொண்டு பட்டமும் வாங்கி, பிறகு என்னோடு இந்த நிலையத்தைத் தொடங்கினாள். மீதி உங்களுக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து எட்டில் பெரும் புயல் அடித்து நகரத்து மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்த சமயம். எங்கள் மாடியின் தகரக் கூரை பாதி பறந்துவிட்டது. வாளிகளை வைத்து மழைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் கீழே மணி ஒருமுறை அடித்தது. வாடிக்கையாக வருகிறவர்கள் யாரும் அப்போது அப்படி அடிப்பதில்லை. எட்டிப் பார்த்தேன். தோளில் நீலத் தார்ப்பாய் சுருளோடு நடுவயதுக்காரர் மாதிரி ஒருவன் நின்றான். யே மின். தாகேதாவில் அம்மாவின் வீட்டுக்கு ஒன்று போட்டுவிட்டு, எனக்கு ஒன்று கொண்டுவந்திருந்தான்.

கூரையில் ஏறிக் கட்டிவிட்டு இறங்கி வந்தான். தேநீர் கொடுத்தேன். எல்லையில் முதலில் மீன்தான் வெட்டினானாம். பிறகு அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகள் படிக்க ஒரு கொட்டகைப் பள்ளிக்கூடம் போட்டார்களாம். ஆங்கிலம் சொல்லித்தர ஆள் இல்லை. இவன் போனான். அங்கேயே இருந்துவிட்டான்.

"நூர் எப்படி இருக்கா?" என்றான்.

"நல்லா இருக்கா. ரெண்டு பிள்ளைங்க."

தலையாட்டினான். தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தான். ஆறிய பிறகும் ஆற்றினான்.

"பெரிய பிள்ளைங்களுக்கு நம்ம நாடகக்காரர் கதையைச் சொல்றேன், சயாமா" என்றான். "கடல் தாண்டினது, கொட்டகை மூடினது, வாத்தியாரானது. அதுங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். தீயை மட்டும் சொல்றதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. "அதெப்படி? ஒரு மனுஷனோட முடிவை விட்டுட்டு வாழ்க்கையைச் சொல்லலாமா? அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி உனக்கு நான் முழுசாத்தானே சொன்னேன்?"

"நான் கேட்டேன். சொன்னீங்க." அவன் குரலை உயர்த்தவில்லை. "இந்தப் பிள்ளைங்க சண்டைல எரிஞ்ச ஊர்கள்லேருந்து வந்தவங்க, சயாமா. முடிவு என்னன்னு அதுங்க இன்னும் கேக்கல."

நான் எழுந்து ஜன்னல் வரை போனேன். விழுந்து கிடந்த மரத்தைக் கீழே நாலு பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டா?" என்றேன் திரும்பாமலே.

"கேட்டா சொல்லுவேன். முழுசா."

தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தான். விடுமுறை முடிகிறதாம். திங்கட்கிழமை அவனுக்கு வகுப்பு இருந்தது.